கணினிக்கு எந்த அளவை?



வீட்டுக்குப் புதிதாகக் கணினி வந்ததும், டில்லியில் வாழும் நம்மவர் முதலில் தேடுவது தமிழ் எழுத்தைத்தான். அது இயல்பான ஆவலே. ஆயினும் அதன் அமைப்புப் பக்கங்களில் இன்னொரு கேள்வியும் ஓசையின்றிக் காத்திருக்கிறது. அளவை முறை மெட்ரிக்கா, 'யு.எஸ்.' முறையா என்பதே அது. விண்டோஸ் கணினியில் 'ரீஜன்' என்னும் பகுதியில், எண்களுக்குரிய இடத்தில் இதனைக் காணலாம். ஆங்கிலம் வேண்டுமென்று சொல்லும்போது இந்திய ஆங்கிலத்தை விட்டு அமெரிக்க ஆங்கிலத்தைத் தேர்ந்துவிட்டால், கணினி தானாகவே அங்குலத்துக்குப் போய்விடும்.

நம் நாட்டில் இக்கேள்விக்கு 1956-ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டமே விடை தந்துவிட்டது. 1957 ஏப்ரல் முதல் தேதி ரூபாய்க்கு நூறு நயா பைசா ஆயிற்று. 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் எடைக்கற்கள் படிப்படியாகக் கடைகளுக்கு வந்தன. அதற்கு முன் ஊர் மாறினால் எடையும் மாறும். சென்னையில் சேர் என்றால் 24 தோலா. டில்லியில் அதே சொல்லுக்கு 80 தோலா. சென்னை நினைப்பிலேயே டில்லிக் கடையில் ஒரு சேர் பருப்புக் கேட்டவர், எதிர்பார்த்ததைப்போல் மூன்று மடங்குக்கும் மேலாகச் சுமந்து வந்திருப்பார். மணங்கின் கதையும் அதுவே. சென்னையில் அது சுமார் 11 கிலோ. வடக்கே 37 கிலோவுக்கு மேல். கிலோகிராம் வந்ததால் பெரிதும் நிம்மதி அடைந்தவர்கள் ஊர் விட்டு ஊர் வந்த நம் போன்றோரே என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

கணினி சொல்லும் 'யு.எஸ்.' முறை, நம் பெரியவர்கள் அறிந்த பிரிட்டிஷ் முறையும் அன்று. அடியும் அங்குலமும் ஒன்றுதான். ஆனால் பிரிட்டிஷ் காலன் 4.546 லிட்டர், அமெரிக்கக் காலன் 3.785 லிட்டர். ஆகவே பழைய பழக்கத்தை எண்ணி அதனைத் தேர்வதிலும் பயனில்லை. மெட்ரிக் என்றே அமைத்துக்கொள்ளுங்கள்.

அப்படி அமைத்தபின்னும் ஓர் எச்சரிக்கை தேவை. இந்த அமைப்பு, அளவுகளைத் திரையில் காட்டும் முறையையே மாற்றுகிறது. பக்கத்தின் ஓரத்தில் விட்ட ஓர் அங்குல இடம் 2.54 சென்டிமீட்டர் என்று தெரியும். நீங்கள் அட்டவணையில் எழுதிய எண்ணையோ கணினி தொடுவதில்லை. பத்து என்று எழுதினால் அது பத்தாகவே நிற்கும். எதில் பத்து என்று அது கேட்காது.

சொந்த ஊரில் தந்தை விட்டுச்சென்ற நிலத்தைப் பங்கிட, உடன்பிறந்தவர்கள் ஒரு கணக்குத் தாளைத் தயாரிப்பதாக வைத்துக்கொள்வோம். ஊரில் இருக்கும் அண்ணன் சென்ட் கணக்கில் '10' என்று எழுதி அனுப்புகிறார். டில்லியில் மனையைக் கஜத்தில் பேசிப் பழகிய தம்பி, அதே எண்ணைச் சதுர கஜம் என்ற தலைப்பின்கீழ் பதிந்துவிடுகிறார். ஒரு சென்ட் என்பது 48.4 சதுர கஜம். பத்து சென்ட் 484 சதுர கஜம். அதாவது ஏறக்குறைய 404.7 சதுர மீட்டர். ஒரு தலைப்பு மாறியதால் நிலம் நாற்பத்தெட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது! மனத்தாங்கலுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? எண்ணுக்குப் பக்கத்திலேயே அலகின் பெயரை எழுதி, சதுர மீட்டரையும் சேர்த்துக் குறித்துவிட்டால் இரு ஊராருக்கும் ஒரே பொருள் விளங்கும்.

காகிதத்தையும் தனியே கவனிக்க வேண்டும். நம் கடைகளில் கிடைக்கும் ஏ4 தாள் 210 மில்லிமீட்டர் அகலமும் 297 மில்லிமீட்டர் நீளமும் உடையது. அமெரிக்க 'லெட்டர்' தாள் சற்றே அகலம் கூடியது. நீளத்தில் 18 மில்லிமீட்டர் குறைவு. கணினியிலோ அச்சுப்பொறியிலோ 'லெட்டர்' என்று இருந்தால், மனைப்படம் தாளுக்கேற்பச் சுருங்கி அச்சாகக்கூடும். திரையில் சரியாக 10 சென்டிமீட்டர் நீளக் கோடு ஒன்றை வரைந்து அச்சிடுங்கள். பிறகு பிள்ளைகளின் பள்ளிக்கூட அளவுகோலை வாங்கி அளந்து பாருங்கள். கோடு குறைந்திருந்தால், தாளின் பெயரை ஏ4 என்று மாற்றி, அச்சளவை நூறு விழுக்காட்டில் வைத்து, மறுபடி ஒரு பிரதி எடுங்கள்.