பூட்டிய அறையின் பக்தர்கள்

1996-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 7-ஆம் தேதி அமெரிக்க ஜனாதிபதி பில் கிளின்டன் வெள்ளை மாளிகையின் தெற்குப் புல்வெளியில் நிருபர்கள் முன் நின்று, யுத்தத்தையும் வரிகளையும் சற்றே ஒதுக்கிவைத்துவிட்டு, இரண்டு கிலோவுக்கும் சிறிது குறைவான ஒரு கல்லைப் பற்றிப் பேசினார். 1984-இன் கடைசி நாட்களில் அண்டார்டிகாவின் ஆலன் குன்றுகளை அடுத்த பனிவெளியில் பொறுக்கியெடுக்கப்பட்ட அந்தக் கல், செவ்வாய்க் கிரகத்திலிருந்து ஏதோ ஒரு மோதலில் பெயர்ந்து, சுமார் 1 கோடியே 60 லட்சம் ஆண்டுகள் அந்தரத்தில் அலைந்து, ஏறக்குறைய 13,000 ஆண்டுகளுக்கு முன் பூமியில் வந்து விழுந்தது என்பதில் விஞ்ஞானிகளுக்குள் பெரிய வழக்கில்லை. வழக்கெல்லாம் அதன் உட்புறத்தைப் பற்றித்தான். டேவிட் மெக்கே தலைமையிலான நாசா ஆய்வாளர்கள் அதன் கார்பனேட் துணுக்குகளை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, புழுப்போல் நெளிந்த மிகச்சிறு உருவங்களையும், சில கரிம மூலக்கூறுகளையும், பூமியில் ஒருவகை பாக்டீரியாக்கள் உண்டாக்குவனவற்றை ஒத்த காந்தத் துகள்களையும் கண்டு, பண்டைச் செவ்வாயில் நுண்ணுயிர் வாழ்ந்திருக்கக்கூடும் என்று எழுதினார்கள்.

நாசா உண்மைகளை ஒளித்து வைக்கிறது என்று ஓயாமல் முழங்கி வந்த கூட்டத்தார் அன்று தெருவில் இறங்கி மிட்டாய் வழங்கியிருக்க வேண்டும் என்றுதான் நமக்குத் தோன்றும். அந்த ஸ்தாபனம், நாட்டின் தலைவரையே முன்னிறுத்தி, பூமிக்கு வெளியே உயிர் இருந்திருக்கலாம் என்று பிரகடனம் செய்துவிட்டதே! அப்படி ஒன்றும் நடக்கவில்லை. பெரிய உண்மைக்கு ஜனங்களின் மனத்தைப் பக்குவப்படுத்த, சின்ன உண்மை ஒன்றை முதல் தவணையாக விடுகிறார்கள் என்று சிலர் பேசினார்கள்; பட்ஜெட்டில் பணம் கறக்க இட்ட வேஷம் என்றார்கள் வேறு சிலர். நாசாவின் நிருபர் கூட்ட மேடையில் மெக்கே குழுவினருக்குப் பக்கத்திலேயே, அவர்களுடைய முடிவை ஏற்காத வில்லியம் ஷாப் என்ற புதைபடிவ நிபுணரை நாசாவே அழைத்து உட்காரவைத்து, ஆதாரம் போதாது என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்தது. ஒளிக்க நினைப்பவன் தன் செலவில் எதிர்வாதியை அழைத்து வரமாட்டான் என்பது சந்தேகக்காரர்கள் கண்ணில் படவில்லை. அந்த உருவங்கள் உயிரின் தடயங்கள் அல்ல என்பதே இன்று பெரும்பாலான ஆய்வாளர்களின் அபிப்பிராயம்.

அயல்கிரக உயிரைப் பற்றிய செய்தி ஒருநாள் உறுதியாக வந்தால் சதிக் கதைகளை நம்புகிறவர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்ற கேள்விக்கு, ஆரூடம் தேவையில்லை; நடந்தவற்றைப் பார்த்தாலே போதும். இவர்களுடைய ஆராதனைக்கு உரியது வானத்திலிருந்து வரும் ஜீவன் அன்று, பூட்டிய அறை. கதவைத் திறந்து உள்ளே அழைத்தால், இது அந்த அறையே இல்லை, உண்மையான அறை இதற்கும் உள்ளே இருக்கிறது என்பார்களேயொழிய, கண்டதைக் கொண்டு திருப்தியடைந்து வீடு திரும்ப மாட்டார்கள்.

இதற்கு மில்டன் வில்லியம் கூப்பர் என்ற மனிதரை விடச் சிறந்த திருஷ்டாந்தம் கிடைப்பது அரிது. அமெரிக்கக் கடற்படையில் சேவை செய்தவர். 1980-களின் இறுதியில், ஐசனோவர் ஜனாதிபதியாக இருந்த காலத்திலேயே அமெரிக்க அரசு அயல்கிரகவாசிகளோடு ரகசிய உடன்படிக்கை செய்துகொண்டது என்றும், அதற்கான ஆவணங்களைத் தம் கண்ணாலேயே கண்டதாகவும் சொல்லிப் பிரசித்தி பெற்றார். 1991-இல் வந்த அவருடைய புத்தகம் அமெரிக்காவில் ஏராளமாக விற்றது. சில ஆண்டுகளுக்குள் அதே கூப்பர், அதே ஆவேசத்தோடு, அயல்கிரகவாசிகளே கிடையாது, உலகம் முழுவதையும் ஒரே சர்க்காரின் கீழ்க் கொண்டுவரச் சதி செய்வோர் ஜனங்களைப் பயமுறுத்தக் கட்டிய கதை அது என்று வானொலியில் பேசலானார். உண்டு என்றபோதும் இல்லை என்றபோதும் சர்க்கார் மட்டும் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறங்கவே இல்லை. 2001 நவம்பரில் அரிசோனா மாநிலத்தில் தம்மைக் கைது செய்ய வந்த போலீசாருடன் நேர்ந்த துப்பாக்கிச் சண்டையில் அவர் உயிர் துறந்தார். அவருக்குச் சமகாலத்தவரான ஸெர்ஜ் மோனாஸ்ட் என்ற கனடாக்காரர், வானத்தில் மாய உருவங்களைக் காட்டி அயல்கிரகப் படையெடுப்பு போன்ற தோற்றத்தை நாசாவே உண்டாக்கப்போகிறது என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். ஆகவே, நாளைக்கு மெய்யாகவே ஒரு விண்கலம் வந்து மெரினாவில் இறங்கினாலும், அதை நம்பாமல் இருப்பதற்கான சாஸ்திரம் முப்பது வருஷத்துக்கு முன்பே தயாராகிவிட்டது.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். சந்தேகிப்பவர்களை வெறும் பைத்தியக்காரர்கள் என்று தள்ளிவிடுவது சௌகரியமானது; ஆனால் சரித்திரம் அதற்கு முழுதும் இடம் தரவில்லை. 1947 ஜூலை 8-ஆம் தேதி நியூ மெக்சிகோவில் ராஸ்வெல் விமானப்படைத் தளத்து அதிகாரிகள், பறக்கும் தட்டு ஒன்று தங்கள் கைக்கு வந்துவிட்டதாகத் தாங்களே பத்திரிகைகளுக்கு அறிக்கை கொடுத்தார்கள். அது வெறும் வானிலை பலூன் என்று உடனேயே மேலிடம் மறுத்தது. அந்த மறுப்பும் முழு உண்மையன்று. ரஷ்யாவின் அணுகுண்டுச் சோதனைகளை உயரத்திலிருந்து ஒட்டுக்கேட்க, ‘மோகல்’ என்ற பெயரில் ரகசியமாகப் பறக்கவிடப்பட்ட பலூன் வரிசையின் சிதிலங்கள் அவை என்பதை விமானப்படை 1994-இல்தான் ஒப்புக்கொண்டது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் ஏதோ ஒன்று மறைக்கப்பட்டது மெய். மறைக்கப்பட்ட பொருள்தான் வேறு. ஒருமுறை பொய் சொல்லி அகப்பட்ட சர்க்கார் அடுத்தமுறை சொல்லும் மெய்க்கும் சாட்சி கேட்கிறார்கள் என்றால், அந்தப் பழியில் சர்க்காருக்கும் பாதிப் பங்கு உண்டு என்பேன்.

பழியின் மறுபாதி எங்கே இருக்கிறது என்பதைச் செவ்வாயின் ‘முக’த்தின் கதை காட்டுகிறது. 1976 ஜூலை 25-ஆம் தேதி வைகிங் 1 விண்கலம் சைடோனியா என்ற பிரதேசத்தைப் படமெடுத்தபோது, ஒரு குன்றின் மேல் விழுந்த நிழல், கண்ணும் மூக்கும் வாயுமாக மனித முகத்தைப் போல் அமைந்துவிட்டது. அந்தப் படத்தை வெளியிட்டதே நாசாதான். நிழலின் விளையாட்டு என்ற குறிப்போடு வெளியிட்டது. இருந்தும், அழிந்துபோன ஒரு நாகரிகத்தின் சிற்பம் அது என்று புத்தகங்கள் எழுதப்பட்டன. 1993 ஆகஸ்டில் ‘மார்ஸ் அப்சர்வர்’ என்ற விண்கலம் செவ்வாயை நெருங்கும் தருணத்தில் தொடர்பிழந்து காணாமற்போக, முகத்தைப் படமெடுக்காதிருக்க வேண்டுமென்றே அதை அணைத்துவிட்டார்கள் என்று சொன்னவர்கள் உண்டு. 1998-இல் மற்றொரு விண்கலம் படமெடுத்து அனுப்பியது: மலைப்பாங்கான மேடு, அவ்வளவுதான். அப்போது அங்கே குளிர்காலம், மேகமும் மூட்டமும் இருந்தன. மூட்டம் முகத்தை மறைத்துவிட்டது என்றார்கள். 2001 ஏப்ரலில் மேகமற்ற கோடையில் மீண்டும் எடுக்கப்பட்டது. வைகிங் படத்தில் ஒவ்வொரு புள்ளியும் 43 மீட்டர் நிலத்தைக் குறித்தது, இதிலோ 1.56 மீட்டர். அந்த அளவில், ஒரு வீடு அங்கே நின்றிருந்தாலும் தெரிந்திருக்கும். முகம் இல்லை. படத்தைத் திருத்திவிட்டார்கள் என்ற பேச்சு மட்டும் அதற்குப் பின்னும் ஓயவில்லை. படம் தெளிவாக ஆக ஆக அவர்களுடைய சந்தேகமும் கூடவே தெளிவடைந்தது.

இனி வரக்கூடிய செய்தியோ, இவர்கள் எதிர்பார்க்கிற உருவில் வரப்போவதில்லை. நீண்ட விரலும் பெரிய கண்ணும் உடைய தூதர் யாரும் வரமாட்டார். 124 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள கே2-18பி என்ற கிரகத்தின் காற்றில், பூமியில் பெரும்பாலும் கடல் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஒரு கந்தக வாயுவின் சாயல் நிறமாலையில் தென்படுவதாக 2025 ஏப்ரலில் கேம்பிரிட்ஜில் நிக்கு மதுசூதன் குழுவினர் சொன்னார்களே, அப்படித்தான் வரும். உடனேயே வேறு ஆய்வாளர்கள் அதே தரவை வேறுவிதமாகக் கணக்கிட்டு, சாயலும் இல்லை என்று மறுத்தார்களே, அப்படித்தான் வழக்கும் நடக்கும். விஞ்ஞானியின் பேச்சில் ‘இருக்கலாம்’, ‘தோன்றுகிறது’, ‘வேறு காரணமும் சாத்தியம்’ என்ற தயக்கங்கள் மலிந்திருக்கும். தயங்குகிறவன் எதையோ விழுங்குகிறான் என்று ஏற்கெனவே தீர்மானித்துவிட்டவருக்கு, அந்தத் தயக்கம் ஒவ்வொன்றும் புதிய ஆதாரமாகிவிடும்.

தயக்கத்தைப் போலவே தாமதமும் ஆதாரமாகிவிடும். 2025 ஜூலையில் சிலி நாட்டிலுள்ள தொலைநோக்கி ஒன்று கண்டுபிடித்த 3ஐ/அட்லஸ், சூரிய மண்டலத்துக்கு வெளியிலிருந்து வந்ததாக நாம் அறிந்த மூன்றாவது விருந்தாளி. அது ஒரு வால்நட்சத்திரம் என்று வானநூலார் சொல்ல, ஹார்வர்டின் அவி லோப் மட்டும் அது அயலாரின் யந்திரமாகவும் இருக்கக்கூடும் என்ற கிளையைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். அக்டோபர் முதல் வாரத்தில் அது செவ்வாய்க்கு 3 கோடி கிலோமீட்டர் அருகே கடந்தபோது நாசாவின் விண்கலம் படமெடுத்தது. அதே அக்டோபர் 1-ஆம் தேதிதான், பட்ஜெட் சண்டையில் அமெரிக்க அரசு அலுவலகங்கள் மூடப்பட்டன. படத்தை வெளியிட வேண்டிய ஊழியர்கள் வீட்டில் இருந்தார்கள். அலுவலகம் மூடியதுதான் காரணம் என்று சொன்னால் யார் கேட்பார்கள்? நவம்பர் 19-ஆம் தேதி படம் வந்தது. மங்கலான ஒரு வெள்ளைப் பொட்டு. இத்தனை நாள் கழித்துக் காட்ட இதுதானா கிடைத்தது என்ற முணுமுணுப்பு எழுந்ததில் எனக்கு வியப்பில்லை.

இதைவிட நீண்ட தாமதம் ஒன்றும் இருக்கிறது. செவ்வாயின் ஜெஸெரோ பள்ளத்தில் உலவிய நாசாவின் பெர்சிவரன்ஸ் ஊர்தி 2024 ஜூலையில் ஒரு பாறையைத் துளைத்து எடுத்த துண்டு, சிறுத்தையின் தோலைப் போன்ற புள்ளிகளோடு, இன்றும் செவ்வாயிலேயே இருக்கிறது. பண்டை நுண்ணுயிரின் தடயமாக இருக்கலாம் என்று 2025 செப்டம்பரில் நாசா அறிவித்தது. உறுதியாகச் சொல்ல அந்தத் துண்டு பூமியின் ஆய்வுக்கூடத்துக்கு வந்தாக வேண்டும். அதைக் கொண்டுவரும் திட்டத்துக்கு 1,100 கோடி டாலர் வரை செலவாகும், 2040 வரை காத்திருக்க நேரும் என்று நாசாவே 2024-இல் கணக்குச் சொன்னது. அதன் பிறகு அந்தத் திட்டம் தள்ளாடத் தொடங்கியது. பணம் போதவில்லை என்பதுதான் சங்கதி. இந்த உலகில் மிகச் சாதாரணமான, எல்லா வீட்டிலும் தெரிந்த இந்தக் காரணத்தை மட்டும் சதிக் கதைக்காரர்களை நம்ப வைக்க எவராலும் முடியாது.