கடலை இருபது, வெள்ளி இருபது

தீபாவளி இரவு. தேக்கா பக்கம் மாமாவின் வீவக வீட்டில் விருந்தினர் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். மாமா, நான், ஒரு சீட்டுக்கட்டு. காசுக்குப் பதிலாகக் கொண்டைக்கடலை.

ஆட்டம் போக்கர்; அதிலும் இருவர் மட்டும் மோதும், பந்தயத்துக்கு உச்சவரம்பில்லாத வகை. கையில் ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் பொதுவாக ஐந்து. கையிருப்பு முழுவதையும் ஒரே நேரத்தில் வைத்துவிடலாம். பலர் ஆடினால் நல்ல சீட்டு வரும்வரை ஒதுங்கியிருக்கலாம். இங்கே ஒவ்வொரு சுற்றிலும் கட்டாயத் தொகை வைத்தாக வேண்டும், காத்திருந்தால் கரைந்துபோவோம்.

கடைசிச் சீட்டும் விழுந்தது. குவியலில் 20 கடலை. மாமா இன்னும் 20 தள்ளினார். என்னிடம் ஒன்பதில் ஒரு ஜோடிதான்.

கணக்குப் போட்டேன். நான் 20 வைத்தால் கிடைக்கக்கூடியது 40. மூன்று தடவையில் இரண்டு தோற்று ஒன்று ஜெயித்தாலும் நட்டமில்லை. அப்படியென்றால் மாமா மூன்றில் ஒரு தடவைக்கு மேல் ஏமாற்றுகிறாரா? அதுதான் கேள்வி. அவர் 10 மட்டும் வைத்திருந்தால், நான்கில் ஒன்று ஜெயித்தாலே எனக்குப் போதும். பந்தயம் பெரிதாகப் பெரிதாக, பொய் சொல்ல இடம் கூடுகிறது.

வைத்தேன். மாமாவிடம் ஒன்றுமில்லை.

“இப்ப ஒரு கடலை ஒரு வெள்ளி, மாப்ள,” என்றார்.

அரைமணி நேரத்தில் அதே நிலைமை. குவியலில் 20 வெள்ளி, மாமா வைத்தது 20. கணக்கு மாறவில்லை. ஆனால் என் கை போகவில்லை. வானொலியில் குரலை அடக்கிப் பழகியவன், சீட்டைக் கவிழ்த்துவிட்டேன். மாமா தன் சீட்டைக் காட்டினார். இந்த முறையும் ஒன்றுமில்லை!

2017 ஜனவரியில், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் ‘லிப்ராட்டஸ்’ என்ற கணினி நிரல் இதே ஆட்டத்தை நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களுடன் ஆடியது. 20 நாள், 120,000 ஆட்டம். முடிவில் 1.7 மில்லியன் டாலருக்கு மேல் மதிப்புள்ள வில்லைகள் அதன் பக்கம். குவியலைவிடப் பெரிய பந்தயத்தையும் அது தயங்காமல் வைத்தது. அதற்கு வீட்டுக்கடன் இல்லை. விட்டதைப் பிடிக்கும் வெறியும் இல்லை.

நமக்கு இரண்டும் உண்டு. நான் பயந்து 20 வெள்ளியோடு பின்வாங்கினேன். விட்டதைப் பிடிக்கத் துடிப்பவரோ, அதே கணக்கை மறந்து எல்லாவற்றையும் வைப்பார்.

வீட்டில் குடும்பத்தாரோடும் நண்பர்களோடும் நேரில் ஆடுவதை 2022 ஆகஸ்ட் முதல் சட்டம் அனுமதிக்கிறது. அதை நடத்தி யாரும் லாபம் பார்க்கக் கூடாது, இணையத்தில் ஆடக் கூடாது. சூதாட்டக்கூடத்திலோ, சிங்கப்பூரரும் நிரந்தரவாசிகளும் ஒரு நாளுக்கு 150 வெள்ளி நுழைவுக் கட்டணம் செலுத்த வேண்டும். எவ்வளவு திறமை இருந்தாலும் முதலில் அந்த 150-ஐ மீட்டாக வேண்டும். உங்கள் வீட்டில் யாருக்காவது ஆட்டம் கைமீறிப் போயிருந்தால், 1800-6-668-668 என்ற உதவி எண்ணை அழைக்கலாம்.

நள்ளிரவில் அத்தை வந்து கடலையை எல்லாம் வழித்து, கழுவித் தண்ணீரில் போட்டார். மறுநாள் மாலை சுண்டல். என் பங்கு மட்டும் கொஞ்சம் குறைவு என்று மாமா இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.