அடுப்பில்லாமல் மலையேறலாம்

குரங்கணி மலையில் 2018 மார்ச் 11 அன்று பரவிய காட்டுத்தீ, மலையேறச் சென்றவர்களில் 20க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. கோடையில் காய்ந்து நிற்கும் புல்லுக்கு ஒரு பொறி போதும். காப்புக்காட்டில் தீ மூட்டுவது குற்றமும்கூட. ஆகவே இரண்டு நாள் மலைப்பயணம் என்றால் அடுப்பை மறந்துவிட்டுத்தான் பையைக் கட்ட வேண்டும்.

அவல் இருக்கக் கவலை ஏன்?

நெல்லை ஊறவைத்து, வறுத்து, இடித்துத் தட்டையாக்கினால் அவல். அதாவது, கடையில் வாங்கும்போதே அது பாதி வெந்த பண்டம். மெல்லிய அவல் பச்சைத் தண்ணீரில் ஐந்து நிமிடத்தில் மென்மையாகிவிடும். கெட்டி அவலுக்குக் கால் மணி நேரமாவது ஆகும். காலையில் வெல்லம், ஏலக்காய், துருவிய கொப்பரை சேர்த்துச் சாப்பிடலாம். ஈரத் தேங்காய் வேண்டாம். சில மணி நேரத்திலேயே ஊசிப்போகும்.

இரவுக்குப் புளி அவல். நல்லெண்ணெயில் சுண்டக் காய்ச்சிய புளிக்காய்ச்சலின் புளிப்பும் உப்பும் அதைச் சில நாட்கள் கெடாமல் காக்கும். ஊறிய அவலில் இரண்டு கரண்டி போட்டுப் பிசைந்தால் சாப்பாடு தயார். கூடவே வீட்டில் வறுத்து எடுத்துவந்த மோர்மிளகாய் இருந்தால், வேறென்ன வேண்டும்?

பையின் எடையும் பசியும்

கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி தரும். மாவுச்சத்தும் புரதமும் 4. தூக்கிச் சுமக்கிறவருக்கு இந்தக் கணக்கு முக்கியம். அவல் 150 கிராம், வறுத்த வேர்க்கடலை 100, பொட்டுக்கடலை 100, பேரீச்சை 100, வெல்லம் 50 எனக் கட்டினால் அரைக் கிலோதான். ஏறத்தாழ 1,900 கலோரி கிடைக்கும். நாள் முழுக்க ஏறுகிறவர் இன்னும் ஒரு பிடி கடலையைக் கூட்டிக்கொள்ளலாம். பளபளப்பு உறையில் வரும் விலை உயர்ந்த 'எனர்ஜி பார்'களைவிடக் கடலைமிட்டாய் எனக்கு மேலாகத் தெரிகிறது. பூசணம் பிடித்த, கசக்கும் கடலையை மட்டும் துப்பிவிடுங்கள். அதில் கல்லீரலைக் கெடுக்கும் பூஞ்சை நஞ்சு இருக்கலாம்.

பொட்டுக்கடலையை மாவாக்கி, உப்பும் எலுமிச்சையும் சேர்த்துக் கரைத்துக் குடிக்கலாம். பீகாரில் 'சத்து' என்று வெயில் காலத்தில் குடிப்பது இதற்கு நெருங்கிய உறவு. கஞ்சிக்கு அரைத்த சத்துமாவை அப்படிக் கரைத்துக் குடிக்காதீர்கள். அது காய்ச்சிக் குடிக்க வேண்டியது.

எதை விட்டுச் செல்வது?

மிளகாய்ப்பொடியும் எண்ணெயும் தடவிய இட்லி முதல் நாள் காலைக்கு நல்லது. மறுநாளுக்கு வைக்கக் கூடாது. தயிர்சாதமும் வெயிலில் பையோடு நாள் முழுக்கப் பயணம் செய்யத் தக்கதல்ல. முளைகட்டிய பயறு சத்தானதுதான். ஆனால் முளைவிட உதவும் அதே ஈரமும் சூடும் கிருமிகளுக்கும் பிடிக்கும். வேகவைக்க வழியில்லாத இடத்தில் அது வேண்டாம்.

தண்ணீர்தான் உண்மையான சமையல்

உணவைவிட ஓடை நீரால்தான் பலருக்கும் வயிறு கெடுகிறது. தெளிவாகத் தெரிந்தாலும், மேலே விலங்குகள் இறங்கிய நீராக இருக்கும். அவல் ஊறவைக்கும் நீரும் குடிநீராகவே இருக்க வேண்டும். துணியில் வடிகட்டி, குளோரின் மாத்திரை போட்டு அரை மணி நேரம் காத்திருங்கள்.

வியர்வையோடு உப்பும் போகும். வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் வரலாம். இடையிடையே உப்புக்கடலை, ஊறுகாய் சேர்த்துக்கொள்ளுங்கள். வயிற்றுப்போக்கு வந்தால் உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கைகொடுக்கும். இரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் உப்பின் அளவை மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

நீரிழிவு உள்ளவர்களுக்கு

இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவருக்கு நீண்ட ஏற்றத்தில் சர்க்கரை சட்டென இறங்கலாம். கை நடுங்கி, குளிர்ந்து வியர்த்தால் உடனே உட்கார்ந்து, மூன்று தேக்கரண்டி சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். கடலைமிட்டாய் அந்த நேரத்துக்கு உதவாது. சர்க்கரை இரத்தத்தில் சேர்வதை அதிலுள்ள கொழுப்பு தாமதப்படுத்தும். குளுக்கோஸ் பொட்டலத்தைப் பையின் அடியில் போடாமல் சட்டைப்பையில் வையுங்கள். அது எங்கே இருக்கிறது என்று உடன் வருபவருக்கும் தெரிந்திருக்கட்டும்.