கடல் தாண்டிப் போன மேஜர்

பிள்ளைகளே, மதுரைக்கு எது பக்கம்? சென்னையா, யாழ்ப்பாணமா? வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். யாழ்ப்பாணம்தான்! சென்னைக்குப் பாதி தூரம். ஆனால் நடுவில் கடல். அது வேறு நாடு. அங்கே 1987-ல் உயிர்விட்ட மேஜர் ராமசாமி பரமேஸ்வரனைப் பற்றிச் சொல்கிறேன்.

13.9.1946-ல் மும்பையில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அறிவியல் பட்டம் பெற்றபின், சென்னையில் ராணுவ அதிகாரிகளுக்கான பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். 1972-ல் மகார் படைப்பிரிவில் அதிகாரியானார். 'பாரி சாகிப்' என்றுதான் வீரர்கள் கூப்பிடுவார்களாம். (முல்லைக்குத் தேர் கொடுத்த பாரி அல்ல, பரமேஸ்வரன் என்பதன் சுருக்கம்!)

29.7.1987-ல் இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் செய்துகொண்டன. உள்நாட்டுச் சண்டையை நிறுத்த இந்திய அமைதிப் படை அங்கே போனது. ஆனால் அக்டோபரில் அந்தப் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் மூண்டுவிட்டது.

நவம்பர் 25, இரவு. தேடுதல் பணி முடிந்து மேஜரும் அவரது வீரர்களும் திரும்பிக் கொண்டிருந்தார்கள். திடீரென்று துப்பாக்கிச் சூடு! மேஜர் பதறவில்லை. சுற்றி வளைத்து, சுட்டவர்களின் பின்பக்கமாகப் போய்ப் பாய்ந்தார். கைகலப்பில் ஒருவர் அவர் மார்பில் சுட்டார். குண்டு பட்ட நிலையிலும் அந்தத் துப்பாக்கியைப் பிடுங்கி அவரைச் சுட்டு வீழ்த்தினார். சாய்ந்த பிறகும், மூச்சு நிற்கும் வரை வீரர்களுக்கு உத்தரவு கொடுத்தார். அப்போது வயது 41. நாட்டின் மிக உயர்ந்த போர் விருதான பரம் வீர் சக்ரா அவருக்குக் கிடைத்தது. இலங்கையில் போரிட்ட இந்திய வீரர்களில் அதைப் பெற்றவர் அவர் ஒருவரே.

அன்றிரவு எதிர்த்தரப்பில் ஐந்து பேர் இறந்தார்கள். அவர்களும் தமிழ் பேசியவர்கள்தான். படிக்கும்போது உங்களுக்குச் சங்கடமாக இருக்கும், இருக்கத்தான் வேண்டும். அந்தப் போரில் இந்திய வீரர்கள் ஆயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். ஒரு பாவமும் அறியாத தமிழ் மக்களும் பலர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் கோபம் இருந்தது. 1990 மார்ச்சில் கடைசிப் படை சென்னைத் துறைமுகம் வந்தபோது, அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை.

படையை அனுப்பியது சரியா, தவறா? பெரியவர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். வாதிடட்டும். ஆனால், போ என்றதும் போனவரின் பெயர் அந்தக் கோபத்திலேயே மூழ்கிப்போவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

2023 ஜனவரியில் அந்தமானில் 21 தீவுகளுக்கு பரம் வீர் சக்ரா பெற்ற 21 பேரின் பெயர்களை வைத்தார்கள். ஒன்று இவருடையது. கொழும்பை அடுத்த ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டேயிலும் ஒரு நினைவிடம் இருக்கிறது. அமைதிப் படையில் போய் ஊர் திரும்பாதவர்களின் பெயர்களை அங்கே கல்லில் வரிசையாக வெட்டி வைத்திருக்கிறார்கள்.