ஆயுட்கால அதிகாரத்தைத் துறந்தவரும் அவர் விட்டுச்சென்ற வெற்றிடமும்

திறந்த மூல மென்பொருள்கள் எவருக்கும் தனிச் சொந்தமில்லை, எல்லோருக்கும் பொதுவானவை என்று கூறப்படுவதுண்டு. கேட்பதற்கு இனிமையான இக்கூற்று சங்கடமான ஒரு வினாவை மறைத்து விடுகின்றது. பொதுவான ஒன்றில் இறுதி முடிவை எடுப்பவர் யார்? ஒருவரையொருவர் நேரில் காணாமலே, பெரும்பாலும் ஊதியமின்றிப் பணியாற்றும் தொண்டர்களிடையே பிணக்கு எழும்போது அதனைத் தீர்க்கும் அதிகாரம் எங்கிருந்து பிறக்கின்றது? பைதன் என்னும் கணினி மொழியை உருவாக்கி வரும் சமூகம் இவ்வினாவை மிகவும் இக்கட்டான ஒரு தருணத்தில் எதிர்கொள்ள நேர்ந்தது.

நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் ரொசம் 1989ஆம் ஆண்டின் இறுதியில் அம்ஸ்டர்டாமில் தொடங்கி 1991இல் வெளியிட்ட மொழியே பைதன். 1995இல் அவருடைய சகாக்கள் பாதி வேடிக்கையாக அவருக்கு ஒரு பட்டத்தைச் சூட்டினர். 'கருணைமிகு ஆயுட்கால சர்வாதிகாரி' என்பது அதன் பொருள். வேடிக்கை காலப்போக்கில் உண்மையாயிற்று. 2000ஆம் ஆண்டு முதல், மாற்றமொன்றை விரும்பும் எவரும் அதனை எழுத்துமூலப் பிரேரணையாக முன்வைத்து விவாதத்துக்கு உட்படுத்தலாம் என்ற நடைமுறை வகுக்கப்பட்டது. ஆயினும், ஏற்பதா நிராகரிப்பதா என்ற கடைசி வார்த்தை அவருடையதாகவே இருந்தது.

இந்தச் சர்வாதிகாரத்தை அரசியலில் நாம் காணும் சர்வாதிகாரத்துடன் ஒப்பிடுவது பொருந்தாது. அதிருப்தியுற்ற எவரும் மூலநிரலை முழுமையாகப் பிரதி எடுத்துக்கொண்டு வெளியேறி, வேறொரு பெயரில் தமது வழியில் அதனை வளர்க்க உரிமமே இடமளிக்கின்றது. குடிமக்கள் நாட்டையே பிரதி எடுத்துச் செல்லக்கூடிய இராச்சியத்தில் மன்னன் எவ்வளவு தூரம் கொடுங்கோலனாக இருந்துவிட முடியும்?

நெருக்கடி 2018இல் வந்தது. ஒரு கோவையின் நடுவிலேயே பெயரொன்றுக்கு மதிப்பளிக்க உதவும் சிறியதொரு குறியீட்டை மொழியில் சேர்க்கும் பிரேரணை அது. வெளியிலிருப்போருக்கு அற்பமாகத் தோன்றும் இவ்விடயத்தில் விவாதம் மிகக் கசப்பானதாக மாறியது. வான் ரொசம் பிரேரணையை ஏற்றுக்கொண்டார். ஆனால், அதே ஆண்டு ஜூலை 12ஆம் திகதி, முடிவெடுக்கும் பொறுப்பிலிருந்து தாம் நிரந்தரமாக விலகுவதாக அறிவித்தார். வாரிசு எவரையும் அவர் நியமிக்கவில்லை. இனி எவ்வாறு ஆளப்பட வேண்டும் என்பதைச் சகாக்களே தீர்மானித்துக் கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். எமது அபிப்பிராயத்தில், அவர் எடுத்த முடிவுகளுள் மிகச் சிறந்தது இதுவே.

அடுத்து வந்த மாதங்களில் ஏழு ஆட்சிமுறைத் திட்டங்கள் முன்வைக்கப்பட்டன. மீண்டும் ஒரு தனித்தலைவர், மூவர் தலைமை, மைய அதிகாரமே இல்லாத சமூக ஆட்சி, வெளியாட்களைக் கொண்ட சபை என ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். 2018 டிசம்பரில் மைய உருவாக்குநர்கள் இவற்றை விருப்ப வரிசைப்படுத்தி வாக்களித்தனர். எமது ஜனாதிபதித் தேர்தலில் விருப்பத்தெரிவுகளைக் குறிக்க இடமிருப்பதை வாசகர்கள் அறிவர். இங்கு கையாளப்பட்ட முறையோ அதனினும் வேறுபட்டது. ஒவ்வொரு திட்டமும் ஏனைய ஒவ்வொன்றுடனும் சோடி சோடியாக ஒப்பிடப்பட்டு, அனைத்தையும் வெல்வது எதுவெனப் பார்க்கப்பட்டது.

வெற்றி பெற்றது ஐவர் கொண்ட வழிநடத்தற் குழு என்னும் திட்டம். மொழியின் ஒவ்வொரு முக்கிய வெளியீட்டுக்குப் பின்னரும் மைய உருவாக்குநர்கள் இக்குழுவைத் தெரிவு செய்கின்றனர். மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேற்றி அதனைக் கலைக்கவும் முடியும். குழுவுக்குப் பரந்த அதிகாரம் உண்டு. எனினும் அதனை இயன்றவரை குறைவாகவே பயன்படுத்தி இணக்கத்தை நாட வேண்டும் என்று அதே சாசனம் கூறுகின்றது. இவை யாவற்றையும்விட எம்மைக் கவர்ந்தது வேறொரு விதி. ஒரே நிறுவனத்தில் பணிபுரிவோர் இருவருக்கு மேல் குழுவில் இருக்க முடியாது. பெருநிறுவனங்கள் தமது ஊழியர்களை இத்தகைய திட்டங்களில் ஈடுபடுத்தி வரும் காலமிது. பொதுச்சொத்து ஓசையின்றிக் கைமாறும் வழியை இவ்விதி முன்கூட்டியே குறுக்குகின்றது.

2019இல் தெரிவான முதற் குழுவில் வான் ரொசமும் ஐவரில் ஒருவராக இடம்பெற்றார். அடுத்த ஆண்டுக்கான தேர்தலில் அவர் நிற்கவில்லை.

டெபியன் இயங்குதளச் சமூகம் இதற்கு இருபது ஆண்டுகள் முன்னரே, 1998இல், தனக்கென எழுதப்பட்ட யாப்பொன்றை வகுத்துக் கொண்டது. ஆண்டுதோறும் தலைவர் தெரிவு செய்யப்படுகின்றார். ஆயினும் எவரையும் ஒரு வேலையைச் செய்யுமாறு கட்டாயப்படுத்த முடியாது என யாப்பே சொல்கின்றது. யாப்பு இருந்துவிட்டால் பிணக்கு இராது என எண்ணிவிடலாகாது. 2014இல் கணினியைத் தொடக்கும் முறைமை குறித்து அதன் தொழில்நுட்பக் குழு நாலுக்கு நாலாகப் பிளவுபட்டது. தலைவரின் அறுதியிடும் வாக்கினாலேயே முடிவு எட்டப்பட்டது. ஏற்க மறுத்தோர் பிரிந்து சென்று தேவுவன் என்ற புதிய இயங்குதளத்தைத் தொடங்கினர்.

இவை எங்கோ தொலைவில் நடப்பவை என எம்மவர் கருத வேண்டியதில்லை. 2004 டிசம்பர் ஆழிப்பேரலையைத் தொடர்ந்து இலங்கைத் தொண்டர்கள் உருவாக்கிய சஹானா என்ற அனர்த்த முகாமைத்துவ மென்பொருளும் திறந்த மூலத்தில் அமைந்ததே. 2005இல் பாகிஸ்தான் பூகம்பத்தின் போதும் 2010இல் ஹெய்ட்டி பூகம்பத்தின் போதும் அது பயன்பட்டது. கடல் கடந்து வளர்ந்த அதற்கும் 2009இல் தனியான ஓர் அறக்கட்டளை அமைய வேண்டியதாயிற்று.

பைதனின் ஐவர் குழு கடினமான தொழில்நுட்ப முடிவுகளில் பக்குவமாகவே நடந்து வந்துள்ளது. ஒரே நேரத்தில் பல இழைகள் மொழியில் இயங்குவதைத் தடுத்து வந்த பழைய பூட்டொன்றை விருப்பத்தெரிவாக அகற்றும் பிரேரணையை 2023இல் அது ஏற்றது. மாற்றம் படிப்படியாகவே நிகழ வேண்டும், பாதகம் கூடுமானால் கைவிடப்படலாம் என்ற நிபந்தனைகளும் விதிக்கப்பட்டன. மனிதர்கள் தொடர்பான முடிவுகள் அவ்வளவு இலகுவாக அமையவில்லை. 2024 ஆகஸ்டில், நடத்தை விதிகளை மீறினார் என்பதற்காக நீண்டகாலப் பங்களிப்பாளர் ஒருவர் மூன்று மாதங்களுக்கு இடைநிறுத்தப்பட்டார். இம்முடிவு சமூகத்துக்குள்ளேயே பலத்த ஆட்சேபத்தைக் கிளப்பியது. குறியீடொன்றைப் பற்றிய தவறான தீர்ப்பை அடுத்த வெளியீட்டில் திருத்திக்கொள்ளலாம். ஒருவருடைய நற்பெயரைப் பற்றிய தீர்ப்புக்கு எதிராக அவர் முறையிட இடம் எது என்பதில், தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவும் பழைய சர்வாதிகாரியைவிட அதிகத் தெளிவைத் தந்ததாக எமக்குத் தோன்றவில்லை.