அடைத்து வைத்து ஓட விடுவது

முன்பின் தெரியாத ஒரு நிரல் கணினிக்குள் வந்து சேர்கிறது. அது நல்லதா, கெட்டதா? ஆன்டிவைரஸ் மென்பொருளிடம் நாம் கேட்பது இதைத்தான். ஆனால் எல்லா நிரல்களுக்கும் இதற்குப் பிழையில்லாத பதில் சொல்ல முடியாது என்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்துவிட்டது. 1984இல் அமெரிக்க ஆய்வாளர் ஃபிரெட் கோஹென் வெளியிட்ட கட்டுரையில் அதற்கான வாதம் இருக்கிறது. எந்த நிரலைக் கொடுத்தாலும் அது வைரஸா இல்லையா என்று தவறாமல் சொல்லும் ஒரு சோதனைக் கருவி உண்டு என்று வைத்துக்கொள்வோம். இப்போது ஒருவர் புதிதாக ஒரு நிரல் எழுதுகிறார். அது தன்னைப் பற்றியே அந்தக் கருவியிடம் கேட்கிறது. ‘வைரஸ்’ என்று பதில் வந்தால் ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கிறது. ‘வைரஸ் இல்லை’ என்று வந்தால் பரவத் தொடங்குகிறது. கருவி எதைச் சொன்னாலும் அது பொய்யாகிவிடும். 1936இல் ஆலன் டூரிங் கணிப்பின் எல்லைகளைப் பற்றிக் காட்டிய முடிவின் நேர் வாரிசு இந்த வாதம்.

இந்தச் சங்கடத்தை ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் நெடுங்காலம் ஓரமாகத் தள்ளி வைத்திருந்தன. பிடிபட்ட வைரஸ் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பைட் வரிசையை அடையாளமாக எடுத்து வைத்துக்கொண்டு, புதிதாக வரும் கோப்பில் அது இருக்கிறதா என்று தேடினால் போதும் என்றிருந்தது. அந்தக் காலம் போய்விட்டது. நாளொன்றுக்கு 4,50,000க்கும் மேற்பட்ட தீய, வேண்டாத நிரல்கள் தன் பதிவில் புதிதாகச் சேர்வதாக ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் நிறுவனம் சொல்கிறது. இவற்றில் பல பழைய சரக்குதான். சுருக்கிப் பூட்டிய மேலுறை மட்டும் புதிது. உறை மாறினால் பைட் வரிசை மாறும், கையில் இருக்கும் அடையாளம் செல்லாக்காசாகும். ஆனால் உறைக்குள் இருப்பதை நினைவகத்தில் அவிழ்க்காமல் எந்த நிரலாலும் வேலை செய்ய முடியாது. எனவே ஓட விட்டுப் பார்த்தால் உள்ளே இருப்பது தெரியும். தெரியாத நிரலை அப்படி ஓட விடுவதற்கென்று ஒதுக்கிய இடம்தான் சாண்ட்பாக்ஸ்.

இந்த ஒரே பெயரில் இரண்டு வேறு வேலைகள் நடக்கின்றன. நிரலைக் கொஞ்ச நேரம் தனியே ஓட விட்டு, அதன் நடத்தையைக் கவனித்து, தீர்ப்புச் சொல்வது ஒன்று. தீர்ப்பே சொல்லாமல், அந்த நிரல் ஓடும் காலம் முழுவதும் அதன் கை எட்டும் தூரத்தைக் குறுக்கி வைப்பது மற்றொன்று. விளம்பரங்களில் பேசப்படுவது முன்னது. உண்மையில் நம்மைக் காப்பது பின்னது என்பது என் கட்சி.

கவனிக்கும் சாண்ட்பாக்ஸ் எப்படி வேலை செய்கிறது? ஆன்டிவைரஸ் தன் வயிற்றுக்குள்ளேயே ஒரு போலிக் கணினியை வைத்திருக்கிறது. அதன் பிராசஸர் போலி, கோப்புகள் போலி, விண்டோஸும் பாதி போலி. சந்தேக நிரலின் கட்டளைகளை அதில் சில நொடிகள் ஓட்டி, எந்தக் கோப்பைத் திறக்கிறது, ரெஜிஸ்ட்ரியில் எங்கே கை வைக்கிறது, எந்த முகவரியோடு பேச முயல்கிறது என்று குறித்துக்கொள்கிறது. சிக்கல் என்னவென்றால், போலி உலகத்தைப் போலி என்று கண்டுபிடித்துவிடலாம். மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரின் போலிக் கணினியில் பயனர் பெயர் ‘ஜான்டோ’ என்றே இருந்ததை 2018இல் ஓர் ஆய்வாளர் வெளிப்படுத்தினார். அந்தப் பெயரைக் கண்டதும் சாதுவாகிவிட வேண்டும் என்று வைரஸில் ஒரு வரி சேர்ப்பது கடினமா? நினைவகம் மிகக் குறைவு, பிராசஸரில் ஒரே கோர், நெடுநேரமாக மவுஸ் அசையவில்லை: இவையெல்லாம் வைரஸுக்குத் துப்புதான். சிலவற்றுக்கு இந்த ஆராய்ச்சிகூடத் தேவையில்லை. பத்து நிமிடம் உறங்கிவிட்டு எழுந்தால் சோதனை முடிந்திருக்கும். ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் ஒழுங்காக நடக்கும் அலுவலகத்தை மதிப்பிடுவது போன்றது இது.

இந்தக் கண்ணாமூச்சி விளையாட்டு ஒருமுறை வைரஸுக்கே வினையானது. 2017 மே 12 அன்று உலகெங்கும் பரவிய வான்னாக்ரை, வேலையைத் தொடங்கும் முன் அர்த்தமற்ற எழுத்துகளாலான ஓர் இணைய முகவரியைத் தொடர்புகொள்ள முயன்றது. பதில் வந்தால் அத்துடன் நின்றுவிடும். அப்படியொரு முகவரியை யாரும் பதிவு செய்திருக்கவில்லை. பிரிட்டிஷ் ஆய்வாளர் மார்கஸ் ஹட்சின்ஸ் அதைத் தன் பெயரில் பதிவு செய்ததும் பரவல் தணிந்தது. அவர் தந்த விளக்கம் சுவையானது: சில சாண்ட்பாக்ஸ்கள், வைரஸை ஏமாற்ற, இல்லாத முகவரிகளுக்கும் தாங்களே பதில் கொடுக்கும், இல்லாத முகவரி பதில் சொன்னால் நாம் கூண்டில் இருக்கிறோம் என்று வைரஸ் எழுதியவர் கணக்கிட்டிருக்கலாம். முகவரி உயிர்பெற்றதும் உலகிலுள்ள எல்லாக் கணினிகளும் வான்னாக்ரைக்குக் கூண்டாகத் தெரிந்தன. இது அதிர்ஷ்டம், பாதுகாப்பு முறை என்று இதைச் சொல்ல முடியாது. எதிர்ப்பக்கத்துக்கு 2012இல் காஸ்பர்ஸ்கி நிறுவனம் கண்டுபிடித்த காஸ் என்ற தீய நிரல் சாட்சி. அதன் ஒரு பகுதி மறையாக்கப்பட்டிருந்தது. அதைத் திறக்கும் சாவி, குறிவைத்த கணினியிலுள்ள கோப்புறைகளின் பெயர்களிலிருந்தே பிறக்க வேண்டும். எந்தச் சாண்ட்பாக்ஸில் எத்தனை நாள் ஓட விட்டாலும் அந்தப் பகுதி வாய் திறக்காது.

பார்ப்பதிலேயே இன்னோர் ஆபத்தும் உண்டு. 2017 மே மாதம் கூகுளின் பிராஜெக்ட் ஜீரோ குழு, டிஃபெண்டரின் சோதனை இயந்திரத்திலேயே ஓட்டை கண்டது. சந்தேகக் கோப்பிலுள்ள ஜாவாஸ்கிரிப்டைச் சோதித்துப் பார்க்கும் பகுதி, விண்டோஸின் உச்ச அதிகாரத்தோடு, எந்த வேலியும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. கோப்பைப் பயனர் திறக்கக்கூட வேண்டாம். மின்னஞ்சலில் வந்து இறங்கினால் போதும், காவலரே அதைத் திறந்து ஏமாந்துவிடுவார். அடுத்த ஆண்டு அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரையே ஒரு சாண்ட்பாக்ஸுக்குள் ஓட வைக்கும் வசதியை அறிவித்தது. தீர்ப்புச் சொல்பவரையும் அடைத்து வைக்க வேண்டியிருக்கிறது என்பதை அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டதாக நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

அடைத்து வைக்கும் சாண்ட்பாக்ஸ் நிரலின் நோக்கத்தைக் கேட்பதே இல்லை. கோப்பைத் திறக்க, எழுத, நெட்வொர்க்கில் பேச, எதற்கும் நிரல் இயங்குதளத்தின் கர்னலிடம்தான் கையேந்த வேண்டும். வேலி போடும் இடம் அந்த வாசல். 2004இல் வந்த சாண்ட்பாக்ஸி என்ற மென்பொருள், நிரல் எழுத முயலும் கோப்பை ஒரு தனிக் கோப்புறைக்குத் திருப்பிவிடும். நிரலின் கண்ணுக்கு எல்லாம் மாறிவிட்டது. உண்மையான வட்டில் ஒன்றும் மாறவில்லை. பெட்டியை அழித்தால் தடயமே மிஞ்சாது. 2008இல் வெளிவந்த குரோம் இதே எண்ணத்தை வேறு விதமாகச் செய்தது. இணையப் பக்கத்தை வரையும் பிராசஸிடமிருந்து ஏறக்குறைய எல்லா உரிமைகளையும் பறித்துவிட்டது. அதற்கு ஒரு கோப்பு வேண்டுமென்றால் உரிமையுள்ள தாய் பிராசஸிடம் கேட்க வேண்டும், தாய் மறுக்கலாம். பக்கம் நல்லதா கெட்டதா என்ற கேள்வி இங்கே எழவே இல்லை என்பதால், கோஹெனின் வாதம் இதைத் தொடவும் இல்லை.

வேலியையும் தாண்டுகிறார்களே என்று கேட்கலாம். தாண்டுகிறார்கள்தான். 2015இல் வெளியான வெனம் என்ற ஓட்டை, மெய்நிகர் கணினிகளை ஓட்டும் கியூஇஎம்யூ மென்பொருளின் ஃபிளாப்பி டிரைவ் பகுதியில் 2004 முதலே இருந்தது. யாரும் ஃபிளாப்பி பயன்படுத்தாத காலத்தில், மெய்நிகர் கணினிக்குள்ளிருந்து வெளியே வர அந்த மறந்துபோன மூலை வழி கொடுத்தது. ஆனால் வேலி இருக்கும்போது ஓர் ஓட்டை போதாது. குரோமைப் பிடிக்கப் பக்கம் வரையும் பகுதியில் ஒன்று, வேலியில் இன்னொன்று என இரண்டாவது வேண்டும். கண்டுபிடித்துச் சொல்பவர்களுக்குக் கூகுள் தரும் பரிசுத்தொகையில் வேலியைத் தாண்டும் ஓட்டைக்குக் கூடுதல் விலை இருப்பது சும்மா இல்லை.

அடைத்து வைத்தால் நிரல் வேலைக்கு ஆகாது என்பது இன்னும் கனமான ஆட்சேபம். சாண்ட்பாக்ஸுக்குள் சேமித்த கோப்பைக் காணோம் என்று தவிப்பவர்கள் உண்டு. ஐந்து நிமிடத்துக்கொரு முறை அனுமதி கேட்டால் எல்லாவற்றுக்கும் ‘சரி’ அழுத்துவதும் மனித இயல்பு. இது வேலியின் குறையா, வாசலை அமைத்த விதத்தின் குறையா? ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு ஆப்பும் தனித்தனி லினக்ஸ் பயனராக ஓடுகிறது. ஓர் ஆப்பின் தனிக் கோப்புகளை மற்றொன்று தொட முடியாது. கோடிக்கணக்கானவர்கள் நாள் முழுக்கச் சாண்ட்பாக்ஸுக்குள் வாழ்ந்துகொண்டு அதை உணராமலே இருக்கிறார்கள். மேக் கணினியின் சாண்ட்பாக்ஸில், பயனர் ‘திற’ என்று ஒரு கோப்பைத் தேர்ந்தெடுப்பதே அந்த ஒரு கோப்புக்கான அனுமதி. தனியாக எந்தக் கேள்வியும் வராது. பழைய விண்டோஸ் நிரல்களுக்கு இந்த நாசூக்கு இல்லாததால்தான் அங்கே சண்டை அதிகம்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: எழுதுவதைத் தடுக்கும் வேலி எல்லாம் படிப்பதைத் தடுப்பதில்லை. சாண்ட்பாக்ஸி வழக்கமான அமைப்பில் கோப்புகளைப் படிக்க விடுகிறது. உள்ளே ஓடும் நிரல் உங்கள் ஆவணங்களைப் படித்து இணையத்தில் அனுப்பிவிட்டால், பிறகு பெட்டியை அழித்து என்ன பயன்? 2019இல் விண்டோஸ் 10இன் புரோ, என்டர்பிரைஸ் பதிப்புகளுக்கு வந்த விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் இதில் மேல். அது தனி மெய்நிகர் கணினி, உங்கள் கோப்புகள் அதற்குத் தெரியாது, மூடினால் எல்லாம் அழியும். ஆனால் நெட்வொர்க்கும் கிளிப்போர்டும் அதில் வழக்கமாகத் திறந்தே இருக்கும். நீங்கள் வெளியே காப்பி செய்த கடவுச்சொல் உள்ளே எட்டும். அதன் அமைப்புகளைக் குறிக்கும் டபிள்யூஎஸ்பி வகைக் கோப்பு ஒன்றில் சில வரிகள் எழுதி இரண்டையும் அடைத்துவிட்டு, அதன் பிறகே தெரியாத நிரலைச் சொடுக்குவது நல்லது.