விறகைச் சேமிக்கும் அடுப்பு புகையையும் அகற்றுமா?

கண்டி நகரைச் சூழவுள்ள கிராமங்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் அதிகாலை வேளையில் கூரைகளின் ஓட்டு இடுக்குகளூடாகப் புகை கசிந்து எழும் காட்சியை எவரும் காணலாம். தூரத்திலிருந்து பார்ப்போருக்கு அழகாகத் தோன்றும் அக்காட்சியின் பின்னால் ஒரு சுகாதாரப் பிரச்சினை மறைந்திருக்கின்றது. கூரை வழியாகக் கசிந்து வெளியேறும் புகை, அதற்கு முன்னர் அவ்வீட்டின் குசினியை முழுமையாக நிரப்பி, அங்கு நிற்கும் தாயினதும் அவளது மடியிலுள்ள குழந்தையினதும் சுவாசப்பைகளைத் தொட்டுவிட்டே செல்கின்றது.

2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்போது இலங்கைக் குடும்பங்களுள் நான்கில் மூன்று பங்கிற்கும் மேற்பட்டவை விறகையே பிரதான சமையல் எரிபொருளாகப் பயன்படுத்தின. அதன் பின்னர் சமையல் எரிவாயுவின் பாவனை படிப்படியாக அதிகரித்து வந்தது. ஆயினும் 2021 இறுதியில் அடுத்தடுத்து நிகழ்ந்த எரிவாயு வெடிப்புச் சம்பவங்களும், 2022இல் ஏற்பட்ட பொருளாதார நெருக்கடியும் நிலைமையை மாற்றின. 2021 ஒக்டோபர் மாத ஆரம்பத்தில் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோகிராம் எரிவாயு சிலிண்டரின் விலை, 2022 ஏப்ரல் இறுதியில் 4,860 ரூபாவாக உயர்ந்தது. பணம் கொடுத்தாலும் சிலிண்டர் கிடைக்காத நாட்கள் இருந்தன. கண்டி நகரின் நடுத்தர வர்க்கக் குடும்பங்கள்கூட முற்றத்தில் மூன்று கற்களை வைத்து அடுப்பு மூட்டும் நிலை அன்று உருவானது. அன்று விறகுக்குத் திரும்பியவர்களுக்கும், விறகை ஒருபோதும் கைவிடாத தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கும் உள்ள கேள்வி ஒன்றேயாகும். விறகைத் தவிர்க்க முடியாதெனில் அதனைத் தீங்கு குறைந்த விதத்தில் எரிப்பது எவ்வாறு?

திறந்த நெருப்பும் அடைத்த நெருப்பும்

குளிர் மிகுந்த மேலைநாடுகளில் வீட்டின் சுவரோடு கட்டப்பட்ட திறந்த கணப்பினுள் இரும்பினாலான ஓர் உள்ளடுப்பைப் பொருத்தும் வழக்கம் உண்டு. திறந்த கணப்பில் எரியும் விறகின் வெப்பத்தில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வீணாகின்றது. காற்று புகும் வழியைக் கட்டுப்படுத்தி, நெருப்பை ஒரு பெட்டிக்குள் அடைக்கும்போது குறைந்த விறகில் கூடிய வெப்பம் கிடைக்கின்றது. மலையகத்தில் ஆங்கிலேயத் துரைமார் கட்டிய பங்களாக்களில் இன்றும் அத்தகைய கணப்புகளையும் கல்லாலான புகைபோக்கிகளையும் காணலாம். அதே தோட்டங்களில் தொழிலாளருக்கென அமைக்கப்பட்ட லயன் அறைகளின் நிலை வேறு. ஒரே அறையும் ஒரு சிறு தாழ்வாரமும் கொண்ட இடத்தில் அடுப்பும் படுக்கையும் அருகருகே இருந்தன.

திறந்த நெருப்பை அடைத்து எரிக்கும் அதே தத்துவம் நமது நாட்டுச் சமையலறைக்கும் வந்து சேர்ந்துள்ளது. 1970களின் இறுதியில் சர்வோதய இயக்கம் மேம்படுத்தப்பட்ட மண் அடுப்புகளைக் கிராமங்களில் அறிமுகப்படுத்த முற்பட்டது. அதனைத் தொடர்ந்து 1980களில் இலங்கை மின்சார சபையும், அன்று இடைநிலைத் தொழில்நுட்ப அபிவிருத்திக் குழு என அழைக்கப்பட்ட நிறுவனமும் இத்துறையில் ஈடுபட்டன. அந்த முயற்சிகளின் பயனாக உருவானதே 'அனகி' அடுப்பாகும். கண்டியைத் தளமாகக் கொண்டு இயங்கிய, 'ஐடியா' எனச் சுருக்கமாக அறியப்பட்ட ஒருங்கிணைந்த அபிவிருத்திச் சங்கமும் இவ்வடுப்பைப் பரப்புவதில் குறிப்பிடத்தக்க பங்காற்றியது.

அனகி என்பது குயவர்கள் களிமண்ணால் செய்து சுட்டெடுக்கும் இருவாய் அடுப்பாகும். முதல் வாயின் கீழ் விறகு எரியும். அங்கிருந்து சுவாலையும் சூடான வாயுவும் ஒரு குறுகிய வழியூடாக இரண்டாவது வாயை அடையும். முதல் வாயில் சோறு கொதிக்கையில் இரண்டாவது வாயில் கறி வேகும். மூன்று கல் அடுப்பில் விறகின் வெப்பத்தில் ஏறத்தாழ பத்திலொரு பங்கே பானையைச் சென்றடைகின்றது. அனகி அடுப்பில் இது ஏறத்தாழ ஐந்திலொரு பங்காக உயர்கின்றது. விறகுக்காக மலைச்சரிவுகளில் ஏறி இறங்கும் பெண்களுக்கு இதனால் மிச்சமாகும் நேரமும் உழைப்பும் சிறிதல்ல.

ஆயினும் இங்கு ஓர் உண்மையைத் தெளிவாகக் கூற வேண்டியுள்ளது. பரவலாகப் பாவனையிலுள்ள அனகி அடுப்பில் புகைபோக்கி இல்லை. விறகு குறைவதால் புகையும் ஓரளவு குறையும் என்பது உண்மையே. ஆனால் எஞ்சும் புகை முழுவதும் சமையலறைக்குள்ளேயே வெளிவிடப்படுகின்றது. விறகைச் சேமிப்பது ஒரு பணி. புகையை அகற்றுவது இன்னொரு பணி. புதிய அடுப்பை வாங்கிப் பொருத்தியவுடன் இரண்டும் நிறைவேறிவிட்டன என எண்ணுவதே பல வீடுகளில் நிகழும் தவறாகும்.

புகையினுள் என்ன இருக்கிறது?

விறகு முழுமையாக எரியாதபோது காபன் மொனொக்சைட்டு எனும் நிறமும் மணமும் அற்ற நச்சு வாயு உருவாகின்றது. அத்துடன் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களும் வெளியேறுகின்றன. 2.5 மைக்ரோமீற்றரிலும் சிறிய துகள்கள் சுவாசப்பையின் ஆழம்வரை சென்று, அங்கிருந்து இரத்த ஓட்டத்திலும் கலக்கக்கூடியவை. ஒரு கனமீற்றர் காற்றில் இத்துகள்களின் 24 மணிநேரச் சராசரி 15 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது என்பது உலக சுகாதார ஸ்தாபனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டல். புகைபோக்கியற்ற விறகுச் சமையலறையில் அடுப்பு எரியும் வேளையில் இந்த அளவு பல நூறாக உயர்வது சாதாரணம். வீட்டுக்குள் ஏற்படும் வளி மாசு காரணமாக 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் உரிய காலத்துக்கு முன்னரே உயிரிழந்ததாக அதே ஸ்தாபனம் மதிப்பிட்டுள்ளது. சிறுவர்களின் நிமோனியா, பெரியோரின் நாட்பட்ட சுவாச நோய், இருதய நோய், பக்கவாதம், கண்புரை ஆகியவற்றுக்கும் இப்புகைக்கும் தொடர்பு உண்டு. புகைபிடிக்கும் பழக்கமே இல்லாத மூதாட்டிகள் நாட்பட்ட இருமலுடன் வைத்தியசாலைக்கு வருவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

புகைபோக்கி பயன் தருமா என்ற கேள்விக்கு வெளிநாட்டு அனுபவங்கள் விடை தருகின்றன. குவாத்தமாலா நாட்டின் மலைப்பகுதியில், புகைபோக்கியுள்ள அடுப்பு வழங்கப்பட்ட வீடுகளையும் திறந்த நெருப்பில் சமைத்த வீடுகளையும் ஒப்பிட்டு மேற்கொள்ளப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2011இல் 'லான்செட்' மருத்துவ சஞ்சிகையில் வெளியாயின. புகைபோக்கியுள்ள வீடுகளில் குழந்தைகள் சுவாசித்த காபன் மொனொக்சைட்டு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. வைத்தியர்கள் கண்டறிந்த மொத்த நிமோனியாவில் திட்டவட்டமான வேறுபாடு நிரூபிக்கப்படாவிடினும், கடுமையான நிமோனியா குறைந்திருந்தமை அவதானிக்கப்பட்டது.

இந்தியாவின் ஒடிசா மாநிலத்தில் மேற்கொள்ளப்பட்ட மற்றோர் ஆய்வு வேறு பாடத்தைக் கற்பிக்கின்றது. அங்கு புகைபோக்கியுள்ள மண் அடுப்புகள் வழங்கப்பட்ட முதலாம் ஆண்டில் பெண்கள் சுவாசித்த புகை குறைந்தது. ஆனால் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்தபோது அப்பயன் மறைந்துவிட்டது. குடும்பங்கள் அடுப்புகளை ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை. வெடிப்புகளைப் பூசவுமில்லை, புகைபோக்கியைத் துப்புரவு செய்யவுமில்லை. புகைபோக்கியைக் கட்டுவதுடன் கடமை முடிந்துவிடுவதில்லை என்பதே இதன் பொருள்.

பொருத்தும் முறை

அடுப்பைத் தரையில் வைப்பதை விட, கல்லாலும் மண்ணாலும் இடுப்பளவு உயர மேடை ஒன்றை அமைத்து அதன்மீது வைப்பது நல்லது. குனிந்து சமைப்பவரின் முகம் புகைக்கு நேரே இருக்கும். தவழும் குழந்தைக்குத் தீக்காயம் ஏற்படும் அபாயமும் அதிகம். கதவிலிருந்து வீசும் காற்று நேரடியாக அடுப்பின் வாயில் படாத மூலையைத் தெரிவு செய்ய வேண்டும். பலகைச் சுவரை ஒட்டி அடுப்பு வைப்பதை முற்றாகத் தவிர்க்க வேண்டும். லயன் குடியிருப்புகளில் ஒரு வீட்டில் பற்றும் தீ வரிசை முழுவதையும் அழித்துவிடக்கூடும்.

சுட்ட களிமண் அடுப்பை வெறுமனே வைத்துப் பயன்படுத்தினால் அது விரைவில் வெடிக்கும். ஆகவே புற்றுமண் அல்லது களிமண்ணுடன் உமி, நறுக்கிய வைக்கோல், சாணம் ஆகியவற்றுள் கிடைப்பதைக் கலந்து பிசைந்து, அடுப்பைச் சுற்றித் தடிப்பாகப் பூச வேண்டும். இப்பூச்சு வெப்பத்தை உள்ளே தேக்கி வைப்பதுடன் அடுப்பின் ஆயுளையும் நீடிக்கும். பூச்சு நிழலில் பல நாட்கள் மெதுவாகக் காய்ந்த பின்னர், முதலில் சிறு நெருப்பு மூட்டிப் பழக்க வேண்டும். பானை அடுப்பு வாயில் சரியாகப் பொருந்தி அமர்வது அவசியம். இடைவெளி அதிகமாக இருக்குமாயின் வெப்பம் அவ்வழியே வீணாகும்.

அடுத்து, அடுப்புக்கு மேலே செங்கல்லாலோ தகரத்தாலோ ஒரு புகைக்கூண்டு அமைத்து அதனைப் புகைபோக்கியுடன் இணைக்க வேண்டும். கூண்டு அடுப்பின் இரு வாய்களையும் மூடும் அளவு அகலமாகவும், சமைப்பவரின் தலையில் இடிக்காத அளவு தாழ்வாகவும் இருத்தல் வேண்டும். புகைபோக்கி இயன்றவரை நேராக மேலே செல்ல வேண்டும். வளைவுகள் கூடக்கூடப் புகை தயங்கித் திரும்பும். கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து குறைந்தது மூன்று அடியும், பத்து அடி தூரத்துக்குள் உள்ள கூரையின் எந்தப் பகுதியையும் விட இரண்டு அடியும் உயர்ந்திருப்பது பல நாடுகளில் பின்பற்றப்படும் விதியாகும். மலைச்சரிவில் சுழன்றடிக்கும் காற்று புகையை மீண்டும் கீழே தள்ளாதிருக்க இவ்வுயரம் உதவும். மழைநீர் புகாதவாறு மேலே ஒரு தொப்பியும் தேவை. கூரை அஸ்பெஸ்டஸ் தகடாயின் அதனை நனைத்த பின்னர், தூள் பறக்காதவாறு, முகக்கவசம் அணிந்து வெட்ட வேண்டும். அத்தூளும் சுவாசப்பைக்கு ஆபத்தானதே.

புகைபோக்கியின் உட்புறத்தில் படியும் கரி நாளடைவில் கெட்டியாகி வழியை அடைக்கும். சில வேளைகளில் தீப்பற்றவும் கூடும். மாதம் ஒருமுறை நீண்ட தடியில் சாக்குத் துணியைக் கட்டிக் கரியை அகற்றிவிடுவது போதுமானது. நோன்பு காலத்தில் ஸஹர் உணவுக்கும் நோன்புக் கஞ்சிக்கும் வழமையைவிட அதிக நேரம் அடுப்பு எரியும் வீடுகளில், அம்மாதத்துக்கு முன்னரே இதனைச் செய்துகொள்வது நன்று. தைப்பொங்கலுக்கு வீட்டைத் துப்புரவாக்கி வெள்ளை பூசும் குடும்பங்களும் அவ்வேளையிலாவது புகைபோக்கியின் வெடிப்புகளைப் பூசிவிடலாம்.

காய்ந்த விறகின் அவசியம்

புகைபோக்கி புகையை அழிப்பதில்லை. வீட்டுக்குள்ளிருந்து வெளியே அனுப்புகின்றது. கண்டி நகரோ நாற்புறமும் மலைகள் சூழ்ந்த கிண்ணம் போன்றது. காற்றோட்டம் குறைந்த நாட்களில் வாகனப் புகையும் அடுப்புப் புகையும் இப்பள்ளத்தாக்கிலேயே தேங்கி நிற்கின்றன. நெருக்கமாக அமைந்த லயன் வரிசையில் ஒரு வீட்டின் புகை அடுத்த வீட்டின் யன்னலுக்குள் புகுந்துவிடும். ஆகவே புகை உருவாவதையே குறைப்பது அவசியமாகும்.

இதற்குரிய எளிய வழி காய்ந்த விறகைப் பயன்படுத்துவதாகும். புதிதாக வெட்டிய விறகின் எடையில் ஏறத்தாழப் பாதி நீராகவே இருக்கும். நெருப்பின் வெப்பம் அந்நீரை ஆவியாக்குவதில் செலவாகி, விறகு எரியாமல் புகையும். கவாத்து வெட்டிய தேயிலை மிலாறு, கிளிரிசீடியா, அல்பீசியா என எதுவாயினும், சிறு துண்டுகளாகப் பிளந்து, மழைபடாத, காற்றோட்டமுள்ள இடத்தில் சில மாதங்கள் அடுக்கி வைத்த பின்னரே அடுப்பில் இட வேண்டும். மழைக்காலத்துக்குரிய விறகை வெயில் காலத்திலேயே சேமிப்பது நமது முன்னோர் அறிந்த வழிதான். பொலித்தீனையும் பிளாஸ்டிக்கையும் இட்டு அடுப்பு மூட்டும் பழக்கத்தை உடனடியாகக் கைவிட வேண்டும்.

குளிர் மிகுந்த மார்கழி, தை மாத இரவுகளில் தணல் நிறைந்த சட்டியைப் படுக்கையறைக்குள் கொண்டுசென்று கதவை அடைத்துக்கொள்வது உயிராபத்தானது. தணலில் புகை தெரியாது. ஆனால் காபன் மொனொக்சைட்டு வெளியேறிக்கொண்டே இருக்கும். உறங்குபவர் விழித்தெழாமலேயே உயிரிழக்க நேரிடலாம்.

எரிவாயுவையோ மின்சாரத்தையோ பயன்படுத்த வசதியுள்ளோர் அவற்றையே பயன்படுத்துவது சுகாதாரத்துக்கு உகந்தது என்பதில் ஐயமில்லை. எனினும் நாட்சம்பளத்தில் வாழும் குடும்பங்களுக்கு விறகு இன்னும் பல காலம் தேவைப்படும். 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி பெருந்தோட்டப் பகுதிகளுக்கு மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். இத்தகைய வீடமைப்புத் திட்டங்களில் அறைகளின் எண்ணிக்கைக்கும் கூரையின் தரத்துக்கும் கொடுக்கப்படும் அதே கவனம் சமையலறையின் புகைபோக்கிக்கும் கொடுக்கப்படல் வேண்டும். தோட்ட நிர்வாகங்களும் பிரதேச சபைகளும் கிராமப்புறக் கொத்தனார்களுக்கும் தகரவேலை செய்வோருக்கும் புகைக்கூண்டு அமைக்கும் பயிற்சியை வழங்கினால், பெரும் செலவின்றி இக்குறையைத் தீர்க்கலாம். பள்ளிவாசல்களும் ஆலயங்களும் தமது பரிபாலனத்திலுள்ள பொதுச் சமையற்கூடங்களில் முதலில் இதனைச் செய்து காட்டுவது ஏனையோருக்கு முன்மாதிரியாக அமையும்.

புதிய அடுப்பொன்றை வாங்கும் குடும்பத் தலைவர்கள் அதன் விலையுடன் புகைபோக்கிக்கான செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். நாளாந்தம் பல மணிநேரம் அடுப்படியில் நிற்பவர்கள் நமது தாய்மாரும் மனைவியரும் பெண்பிள்ளைகளுமேயாவர். அவர்களது சுவாசத்தைப் பாதுகாப்பதற்குச் செய்யும் செலவை வீண் செலவெனக் கருதுவதற்கில்லை.